நாலாம் கொட்டடிக் கறி

ஜனவரி 9

என் அருமை மூக்கனுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. உன் தலைக்காயம் எப்படி இருக்கிறது? போன மழைக்காலத்தில் தீவனக் கொட்டகை ஏணியிலிருந்து விழுந்தவன், தையல் பிரித்தாயிற்றா என்று இன்னும் ஒரு வரி எழுதவில்லை. போனில் கேட்டால் "சரிக்கா, சரிக்கா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன்.

ஒரு காரியமாக உன் உதவி வேண்டும். நூல் மில் கேண்டீனுக்கு மே மாதக் கடைசியில் பன்னிரண்டு கிடாய் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கறி பிடித்துப்போனால் வருஷம் முழுக்க நம் கடைதான். உன் மச்சான் போனதிலிருந்து, "பொம்பளை வெட்டுற கடையா" என்று பாதிப் பேர் எதிர்க்கடைக்குத் தாண்டிவிட்டார்கள். இந்த மில் கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் வெட்டுக்கட்டையைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மில் சமையல்காரர் ஒரு தொடை வாங்கிப்போய்ப் பார்த்தார். "கறி நல்லாத்தான் இருக்கு, ஆனா நார் நாரா வறண்டு போவுதே" என்றார். உங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் ஆட்டுத் தீவனத்தில் எண்ணெய் கலந்து பார்க்கிறீர்கள் அல்லவா, எந்த எண்ணெய் போட்டால் கறி மெத்தென்று வரும்? நீ வாயில் போட்டுப் பார்த்துச் சொன்னால் போதும். எட்டு வயதில் அப்பா கடைக்குள் நுழைந்த உடனேயே, "இந்த ஆடு வெங்காயத்தாள் தின்னுருக்குப்பா" என்று சொன்னவன் நீ. விற்றவனைக் கேட்டால், ஆமாம், தோட்டத்தில் புகுந்துவிட்டது என்றான். அன்றைக்கு வந்த பேர்தானே மூக்கன். மற்றவர்கள் மூக்கெல்லாம் மூச்சு விடத்தான்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 20

அன்பு அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு முதலில் என் வணக்கம். தையல் பிரித்தாகிவிட்டது. பின்மண்டையில் ஒரு விரல் நீளத்துக்கு முடி முளைக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே நாலு கொட்டடி. ஒவ்வொன்றிலும் ஆறு கிடாய். முதல் கொட்டடிக்கு வெறும் தீவனம். இரண்டாவதுக்குச் சூரியகாந்தி எண்ணெய், மூன்றாவதுக்கு ஆளிவிதை எண்ணெய், நாலாவதுக்கு மீன் எண்ணெய். தவிட்டிலும் மக்காச்சோளத்திலும் எண்ணெயைக் கலப்பது என் வேலை. கொஞ்சம் கூடினாலும் ஆட்டுக்கு வயிறு கழியும், அதனால் அளவை நான் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. தொண்ணூறு நாள் முடிந்ததும் அறுத்து, எட்டுப் பேர் உட்கார்ந்து ருசி பார்ப்போம். அந்த எட்டில் நான்தான் மூத்தவன். "நீங்க இல்லாம இந்தக் குழுவே இல்லை" என்கிறார் சோதனையை நடத்துகிற டாக்டரம்மா. அடுத்த மாதம் சொல்லிவிடுகிறேன்.

தனியாக இருக்கிறேன் என்று கவலைப்படாதே. எல்லாரும் மரியாதையாக நடத்துகிறார்கள். பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் போய் எனக்குத் தாராளமாக இடம் விடுகிறார். நரைத்த தலைக்கு இப்படியும் ஒரு லாபம்.

போன வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அசந்துவிட்டேன். பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது. புதுப் பாத்திரம் வாங்கிவிட்டேன், திட்டாதே.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்பு அக்காவுக்கு,

நலமா? நான் நலம். பதில் தாமதத்துக்குக் கோபிக்காதே, ருசி பார்ப்பது நேற்றுத்தான் முடிந்தது.

எப்படி நடக்கிறது என்று சொன்னால் சிரிப்பாய். ஆளுக்கொரு தடுப்பு. கறியின் நிறம் தெரியக்கூடாது என்று சிவப்பு விளக்கு. உப்பு, காரம் எதுவும் இல்லாமல் வேகவைத்த துண்டு சின்னக் கிண்ணத்தில் வரும். கிண்ணத்தில் எண் மட்டும்தான் இருக்கும், எந்தக் கொட்டடி என்று யாருக்கும் தெரியாது. மெத்து, சாறு, வாடை என்று தனித்தனிக் கட்டம். பென்சிலால் மதிப்பெண் போட வேண்டும். நடுவே வெந்நீர் குடித்து வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

முதல் சுற்று முடிந்து வெளியே வந்ததும், எட்டுப் பேரில் ஒருவரான பண்ணை வாட்ச்மேன் கேட்டார்: "ஐயா, மூணாவது கிண்ணத்துல ஏதோ ஒரு மாதிரி இருக்கே?" நான் சொன்னேன், "காலையில நீ தின்ன மீன்தான்யா இன்னும் உன் வாய்ல நீந்துது." எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

எனக்கு அந்தக் கிண்ணம்தான் பிடித்தது. பல்லுக்குப் பஞ்சு. கடித்தால் சாறு இறங்குகிறது. அப்புறம் எந்த எண் எந்தக் கொட்டடி என்று பார்த்தால் அது நாலாம் கொட்டடி, மீன் எண்ணெய். வாடை துளியும் இல்லை. நான் பொறுப்பு.

மீந்த எண்ணெயில் ஒரு கேன் எடுத்துக்கொள்ள டாக்டரம்மா அனுமதித்தார். லாரியில் அனுப்பியிருக்கிறேன். நூறு கிலோ தீவனத்துக்கு மூன்று கிலோ, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். முதல் வாரம் பாதி அளவில் பழக்கு.

மில் உனக்குத்தான் அக்கா.

தம்பி


மார்ச் 15

என் அருமை மூக்கனுக்கு,

ஆயுசு நூறு உனக்கு. கேன் வந்து சேர்ந்தது. திறந்தேன், தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து, "என்னம்மா, ஆட்டுக்கடையை மூடிட்டு மீன் வியாபாரமா?" என்றார். "ஆமாங்க, மே மாசம் வந்து வலை வாங்கிக்குங்க" என்றேன். மனுஷன் உள்ளே போய்விட்டார்.

கிடாய்கள் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வெல்லப்பாகு தெளித்துப் பழக்கினேன். இப்போது தொட்டியை நக்குகின்றன. முதுகைத் தடவினால் மினுமினுப்பு. எனக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, சோப்புப் போட்டாலும் கை மணம் போகமாட்டேன் என்கிறது.

தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுக்காதே. இத்தனை நாறும் எண்ணெய் கறியில் ஏறாதா? என் புத்திக்கு எட்டவில்லை. நீ ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் கேட்கமாட்டேன்.

தலைவலி ஏதும் இல்லையே?

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

நலம்.

ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இது இரண்டாவது தடவை. ஏறாது. எட்டுப் பேர் தாளிலும் வாடை இல்லை என்றுதான் இருக்கிறது. ஐம்பது வருஷமாக என் வாயை நம்பிய வீட்டில் இப்போது என்ன சந்தேகம்?

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

போன வியாழன் விடியும் முன்னே பன்னிரண்டையும் வெட்டினோம். அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியும். எந்தக் கிடாயை வெட்டினாலும் முதல் துண்டை உப்பில்லாமல் வேகவைத்து வாயில் போட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் தொடையைக் கொக்கியில் மாட்டுவார். நாற்பது வருஷமாக நானும் அப்படித்தான். இந்தத் தடவை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. என் தம்பி ருசி பார்த்த கறி, அதற்கு மேல் நான் யார் பார்க்க என்று இருந்துவிட்டேன். பச்சைக் கறியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதம் அந்தக் கேனோடு கிடந்த மூக்குக்கு என்ன தெரியும்?

மில்லில் மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனேன். அறுநூறு பேர் உட்காரும் இடம். தட்டுகளில் சோறு காலியாக இருந்தது, கறி அப்படியே இருந்தது. சமையல்காரர் அண்டாவின் மூடியைத் திறந்து காட்டினார். சூடு ஏறின கொழுப்பு. நான் சொல்ல வேண்டுமா.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்மா, ஆட்டுக்கறிதானே அனுப்புனீங்க?" என்று மட்டும் கேட்டார். பின்னால் ஒரு பெண், "மீனை வெட்டுன கத்தியால வெட்டிருப்பாங்க" என்றாள். என் கத்தியைச் சொல்கிறாள். அப்பா கையிலிருந்து வந்த கத்தி.

கறி மெத்தென்றுதான் இருந்தது. அதில் நீ சொன்னது தப்பில்லை.

அக்கா


ஜூன் 9

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆனால் யோசித்துப் பார். இங்கே அதே எண்ணெய், அதே அளவு. இங்கே வராத வாடை அங்கே எப்படி வரும்? நீ கேனை வெயிலில் வைத்தாயா? எண்ணெய் கெட்டுச் சிக்கெடுத்திருந்தால் அப்படி ஆகும். அளவுக் குவளை எது? கை நிதானத்தில் ஊற்றினாயா? அண்டாவில் அதற்கு முன் மீன் சமைத்திருப்பார்கள், அதையும் விசாரி.

எட்டுப் பேர் தாள் இருக்கிறது அக்கா. நான் ஒருவன் மட்டும் சொல்லவில்லை.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

இங்கே மழை. முழங்கால் மழைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டது.

கேன் நிழலில்தான் இருந்தது. அளவு தராசில் வைத்துத்தான் பார்த்தேன். இருந்தாலும் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். முதல் துண்டைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதை விடு.

மில் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அவர் ஒன்றும் கேலி பேசவில்லை. என்னைப் பார்த்ததும் தராசைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொள்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் இரண்டு தொடை தொங்கிக்கொண்டே இருக்கிறது. பழைய வாடிக்கை ஒரு அம்மா வந்து, வாங்குமுன் கறியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். நம் கடையில் இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

எண்ணெய் போடாத ஒரு வெள்ளாட்டை வெட்டினேன். முதல் துண்டைப் போட்டும் பார்த்தேன். அதில் கொஞ்சம் உப்புப் போட்டுக் காயவைத்து, உங்கள் பக்கம் வருகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். உனக்குச் சின்ன வயதில் பிடிக்குமே. அடுப்பில் வைத்துவிட்டு அசந்துவிடாதே.

அக்கா


ஜூலை 3

அன்பு அக்காவுக்கு,

நான் நலம், மழையில் உன் கால் எப்படி? பொட்டலம் வந்தது. உன் மனசு யாருக்கு வரும் அக்கா. இத்தனை நஷ்டத்திலும் எனக்கென்று காயவைத்திருக்கிறாய். பிரித்ததும் வீடே மணத்தது. அப்பா கொடியில் கட்டிக் காயவைத்தபோது வருமே, அதே மணம். இரண்டு நாளில் தீர்த்துவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் சோதனையைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து, ஆடு வளர்க்கிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கப்போகிறார்கள். எண்ணெய்களில் மீன் எண்ணெயைத்தான் முதலாவதாகப் போடுகிறார்கள். டாக்டரம்மா என் படத்தையும் போட வேண்டும் என்கிறார். ஆகஸ்ட் கடைசியில் அச்சுக்குப் போகிறது. வந்ததும் முதல் பிரதி உனக்குத்தான்.

தம்பி


ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்புக்கு எப்படி இருக்கிறது? சடங்குக்குக் கேட்கவில்லை. வயிற்றுவலி, வாந்தி ஏதாவது இருந்ததா என்று உண்மையாக எழுது.

நேற்று அந்தக் கண்டக்டர் கடைக்கு வந்தார். வந்தவர் கறி வாங்கவில்லை, காலை மாற்றி மாற்றி நின்றார். அப்புறம் சொன்னார்: "அம்மா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு வண்டியில டீசல் கேன் சாஞ்சு உங்க பொட்டலம் ஊறிப்போச்சு. தூக்கிப் போடச் சொல்லலாம்னுதான் உங்க தம்பிகிட்டப் போனேன். அவரு கையில வாங்கி, மூக்குகிட்ட வச்சு நல்லா இழுத்துட்டு, 'எங்க அக்கா கைப்பக்குவம்யா'ன்னாரு. எனக்கு அதுக்கு மேல வாய் வரலை. தின்னுருக்க மாட்டாருல்ல?"

தின்னிருக்கமாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு கட்டைமேல் உட்கார்ந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். வாடிக்கைதான் இல்லையே, நேரம் இருந்தது. கரிந்துபோன பால் பாத்திரத்தைப் படித்தேன். பல்லுக்குப் பஞ்சு என்று எழுதியதைப் படித்தேன். ஏணியிலிருந்து விழுவதற்கு முன்னால் எழுதியவற்றையும் தேடி எடுத்தேன். அப்போதெல்லாம் நாலு வரிக்கு ஒரு மணம் வரும் உன் எழுத்தில். மழை மணம், தவிட்டு மணம், பக்கத்து வீட்டுக் குழம்பு மணம்.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. என் கடை போனது போகட்டும், அது ஒரு கடை. அந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் நினைத்துப் பார்.

வயிற்றைப் பற்றி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்பு அக்காவுக்கு,

வயிறு நான்கு நாள் சரியில்லை. இப்போது பரவாயில்லை. உன் கடிதத்துக்கு ஐந்து தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

விழுந்த அன்றே போய்விட்டது அக்கா. தையல் போட்ட இடத்தில் மருந்து ஊற்றினார்கள், ஆஸ்பத்திரி வாடை வரவில்லை. வலியில் தெரியவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சோப்பை முகர்ந்தேன், வெங்காயத்தை நறுக்கி முகர்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மணம் வரவில்லை. உப்பு தெரியும், இனிப்பு தெரியும். மற்றதெல்லாம் வாய்க்குள் பஞ்சை வைத்த மாதிரி. பெரிய டாக்டரிடம் போனேன். உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது, ஆறு மாதத்தில் திரும்பாவிட்டால் திரும்புவது அரிது என்றார். பத்து மாதம் ஆகிறது.

திரும்பிவிடும் என்று நினைத்துத்தான் யாருக்கும் சொல்லவில்லை. ஏணியில் கால் வைக்கப் பயமாயிருந்தது என்றால் வெளியே சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது? என்னிடம் வேறு என்ன இருக்கிறது? படிப்பா, பிள்ளைகுட்டியா? நீ மூக்கனுக்கு என்று எழுதுவாயே, அதைப் பார்க்கும்போதெல்லாம் யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரிக்கிற மாதிரி இருக்கும்.

போன வாரம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் எட்டுப் பேர் தாளையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஏழு தாளில், அந்தக் கிண்ணத்துக்கு நேரே, வாடைக் கட்டத்தில் ரப்பர் வைத்து அழித்த தடம் இருந்தது. எல்லாரும் எழுதியிருக்கிறார்கள் அக்கா. வாட்ச்மேனை நான் கேலி செய்ததும், அத்தனை பேரும் திரும்ப உள்ளே போய் அழித்திருக்கிறார்கள். மூத்தவனுக்குத் தெரியாததா என்று.

ஆடுகள் போய்விட்டன, கறி போய்விட்டது. தொண்ணூறு நாள் மறுபடி முதலிலிருந்து. புத்தகம் நின்றுவிட்டது. அச்சுக்குப் போகுமுன் சொன்னேன், அது ஒன்றுதான். தீவனம் கலக்கும் வேலையில் வைத்திருக்கிறார்கள். ருசி பார்க்கும் அறைக்குள் நான் வரக்கூடாது.

வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர், "விடுங்கய்யா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே, வேலை முடிஞ்சா சட்டையை மாத்திட்டுப் பஸ் ஏறுங்க. ரொம்ப நாளா சொல்லணும்னு" என்றார்.

பஸ்ஸில் எனக்கு இடம் விடுகிறார்கள் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே. அது மீன் எண்ணெய் அக்கா. கேன் பிடிக்கிற கை, சட்டை, தலைமுடி, எல்லாம். ஒரு மனுஷனும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது சட்டையை மாற்றிக்கொண்டுதான் ஏறுகிறேன். போய்விட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதனால் உட்காருவதில்லை. கடைசிப் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போகிறேன்.

உன் கடையைத் தின்றவன் நான். அங்கே வரும் முகம் எனக்கில்லை. நீயாவது நலமாக இரு.

தம்பி


ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான்.

கடையைச் சாத்திவிட்டேன். அழுவதற்கு எழுதவில்லை, சேதி சொல்கிறேன். கொக்கிகளை எதிர்க்கடைக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டேன். கத்தியைக் கொடுக்கவில்லை. இரண்டு கிடாய் பாக்கி நிற்கிறது, அதுகளுக்கு வெறும் தழைதான்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. மில் அண்டாவை நினைத்தால் இன்னும் வருகிறது. ஆனால் அதைவிட, பத்து மாதம் ஒற்றை ஆளாக வெங்காயத்தை நறுக்கி நறுக்கி முகர்ந்தாயே, அதை எனக்கு எழுதாததற்குத்தான் அதிகம் வருகிறது. இங்கே வா, நேரில் திட்டினால்தான் எனக்கு ஆறும்.

முகம் இல்லை என்று காரணம் சொல்லாதே. சனிக்கிழமை காலை வண்டியில் நானே வருகிறேன், ஞாயிறு சேர்ந்து திரும்புவோம். ஆறு மணி நேரம் அந்தப் பஸ்ஸில் நீ நின்றுகொண்டு வர வேண்டாம், நானும் இந்தக் காலோடு நிற்க முடியாது. எனக்கு முன்னால் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார். பக்கத்து இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள், எனக்கும் தெரியும். இருந்தாலும் துண்டு போட்டு வை.

அக்கா